லோக்கல் கார்டியன்

வாணியம்பாடியிலிருந்து யார் சென்னைக்குக் கிளம்பினாலும், சென்ட்ரலில் இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி லாட்ஜ் எங்கே என்பதல்ல. குலாம் ரசூல் பாய் வீட்டுக்கு எந்த பஸ் என்பதுதான். கண் ஆபரேஷனா, பாஸ்போர்ட்டா, கல்யாணத்துக்குத் துணி எடுக்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில், மாடியில் இருக்கும் அவர் வீடுதான் சத்திரம். ஒரு ஹால், ஒரு ரூம், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய சமையலறை. இதற்குள் இருபது பேர் தூங்கியிருக்கிறார்கள் என்று அவர் சொல்வார். அது கொஞ்சம் ஜாஸ்தி. ஆனால் பாதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் பெரிய விஷயம்தான்.

தி.நகரில் அவருக்கு ஒரு மேட்சிங் சென்டர். புடவைக்கு ஏற்ற ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ் விற்கிற கடை. கேட்ட கலர் கடையில் இல்லாவிட்டால்கூட 'இல்லை' என்று சொல்ல மாட்டார். உட்காரும்மா, டீ சாப்பிடு என்று சொல்லிவிட்டு, பின்வாசல் வழியாக ஓடிப் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு வந்து கொடுப்பார். அந்த ஒரு வார்த்தையோடு அவருக்கு அப்படி ஒரு பகை. வீட்டுக்கு வந்தவரிடம் இடமில்லை என்று சொன்னவன் தன் பரம்பரையிலேயே கிடையாது என்பது அவருடைய பெருமை. அதற்காக ராத்திரி பத்து மணிக்கு மேல் உலை வைக்கிற பெருமை அவர் மனைவி அஸ்மத்துன்னிசாவுடையது. அதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் தங்கை மகள் அதீபா வந்து, தனக்கு ஹாஸ்டல் வேண்டும் என்று சொன்னாள்.

எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி. அடையாறு பக்கம் இருக்கிற பல்கலைக்கழகம். நுழைவுத் தேர்வில் போன வருஷம் விட்டுவிட்டு, இந்த வருஷம் பிடித்த சீட்டு. செய்தி வந்த அன்று குலாம் ரசூல் கடையில் வந்தவர் போனவருக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தார். ரூமில் இருந்த பீரோவில் ஒரு தட்டைக் காலி பண்ணி வைத்தார். அதீபா வந்து பையை இறக்கியதும், "பாத்தியா, உன் தட்டு" என்று காட்டினார். அவள் பையிலிருந்து ஒரு துணிகூட வெளியே எடுக்கவில்லை. சாப்பிட்டு முடிகிறவரை காத்திருந்து, போனை அவர் முன்னால் நீட்டினாள்.

"மாமு, ஹாஸ்டலுக்கு ஆன்லைன்ல போட்டிருந்தேன். வந்துடுச்சு."

"இன்னாது வந்துடுச்சு?"

"இடம். பழைய பிளாக்ல, மூணு பேர் ரூம். புது பிளாக்ல ரெண்டு பேர் ரூம் இருக்கு, ஆனா அது ரெண்டாம் வருஷத்துக்குத்தான். தனி ரூம் பிஎச்டி பண்றவங்களுக்கு மட்டும். இப்ப கிடைச்சிருக்கறது தற்காலிகம். லோக்கல் கார்டியன் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் உறுதி பண்ணுவாங்க." ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். வாணியம்பாடியிலிருந்து வந்த ரயிலில் உட்கார்ந்து மனப்பாடம் செய்திருப்பாள் போலிருக்கிறது.

குலாம் ரசூல் போனை வாங்கிப் பார்த்தார். அதில் இருந்த போட்டோவில் வரிசையாக மூன்று இரும்புக் கட்டில், மூன்று மேஜை, மூன்று அலமாரி.

"ஆஸ்பத்திரி வார்டு மாதிரி கீது," என்றார்.

"ஆளுக்கு ஒரு மேஜை மாமு."

"மேஜைதானே? மேஜைக்காகவா வீட்ட வுட்டுப் போவே?" அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். பாண்டி பஜார் போய், மடக்கு மேஜை ஒன்றை ஆட்டோவில் ஏற்றி, அதன் நான்கு கால்களையும் தன் மடியில் தாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். ரூமில் ஜன்னல் ஓரமாகப் போட்டு, அதன் மேல் அவரே ஒரு பூப்போட்ட துணியை விரித்தார். அஸ்மத்துன்னிசா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம்.

மறுநாள் மதியம் கண் ஆபரேஷனுக்காக ஊர்ப் பெரியவர் ஒருவர், மனைவியோடும் மருமகளோடும் வந்து இறங்கினார். பெரியவருக்கு ரூம் விடப்பட்டது. மேஜை மேல் அவருடைய சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, ஆஸ்பத்திரி ஃபைல், ஒரு ஃபிளாஸ்க், ஒரு சீப்பு வாழைப்பழம். அதீபா தன் பையை ஹாலில் சோபாவுக்குப் பின்னால் தள்ளிவைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள்.

ஹாஸ்டல் பேச்சு மட்டும் விட்டபாடில்லை. வாணியம்பாடியிலிருந்து தங்கை ஜஹீதா போன் செய்தாள். "பாய்ஜான், அவ ஆசப்படறா. விட்டுடேன்."

"மெட்ராஸ்ல மாமன் வூடு கீது, பொண்ணு ஹாஸ்டல்ல படுக்குதுன்னா ஊர்ல இன்னா பேசுவான் ஜஹீதா? மாமன் சோறு போட மாட்டேன்னு சொல்லிட்டான்னு பேச மாட்டான்?"

"பேசறவன் வந்து பரீட்ச எழுதப் போறானா?"

குலாம் ரசூல் போனை வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினார். அன்றைக்கு முழுக்கக் கடையில் உர்ரென்று இருந்தார். ஒரு அம்மாளின் அரக்கு நிறப் புடவைக்கு மெரூன் லைனிங்கை வெட்டிக் கொடுத்ததில், அவள் திரும்பி வந்து சண்டை போட்டுவிட்டுப் போனாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "சரி, கையெழுத்துத்தானே, போட்டுத் தொலைக்கிறேன்," என்றார். அதீபாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் அவருக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது. பீரோவில் தட்டைக் காட்டியபோது இந்த வெளிச்சம் வரவில்லையே.

மறுநாள் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பும்போது அஸ்மத்துன்னிசா அவரை வாசலில் நிறுத்தினாள்.

"அங்க போய் வாயத் தொறக்காதீங்க. ஆதார் காட்டுங்க, கையெழுத்துப் போடுங்க, வாங்க."

"நான் இன்னா கொழந்தையா?"

"கொழந்தன்னா வுட்டுடுவேன்," என்றாள் அவள்.

பெண்கள் விடுதியின் அலுவலகம் ஒரு நீளமான வராந்தாவின் கடைசியில் இருந்தது. துணைக் காப்பாளர் ஹம்சா, புள்ளியியல் பேராசிரியர். விடுதி வேலை கூடுதல் பொறுப்பு. மேஜையில் ஃபைல்கள், ஓரமாக ஒரு டிபன் பாக்ஸ், எதிரே பெற்றோரும் மாமன்களும் சித்தப்பாக்களுமாக ஒரு கூட்டம். குலாம் ரசூலும் அதீபாவும் முன்னால் போனபோது ஹம்சா நிமிர்ந்து பார்த்தாள்.

"உக்காருங்கோ சார். நீங்க இவளுக்கு என்ன உறவு?"

"தாய்மாமன் மேடம்."

"வேலை?"

"தி.நகர்ல மேட்சிங் சென்டர்."

"வீடு?"

இங்கே நிறுத்தியிருக்கலாம். கச்சேரி ரோடு, மயிலாப்பூர் என்று சொல்லிவிட்டு வாயை மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வீடு என்ற சொல் காதில் விழுந்ததும் குலாம் ரசூல் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"மைலாப்பூர்தான் மேடம், கச்சேரி ரோடு. கூப்பிடு தூரம். ஒரு விஷயம் சொல்லிடறேன், தப்பா நெனைக்காதீங்க. இவ ஆசப்பட்டுக் கேட்டான்னுதான் ஹாஸ்டல். மத்தபடி நம்ம வூட்டுல இவளுக்குன்னு தனி ரூம் கீது. மேஜ போட்டு வச்சிருக்கேன். பீரோல தட்டு. யாரு வந்தாலும் நம்ம வூட்டுல எடமில்லன்னு சொன்னதே கெடையாது. நீங்களே நாளைக்கு வந்தீங்கன்னாலும்..."

அதீபா மேஜைக்கு அடியில் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். அவர் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டு திருப்பி அழுத்தினார்.

ஹம்சா பேனாவைக் கீழே வைத்தாள். கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "லோக்கல் கார்டியன் வீட்டில் தங்க வசதி உண்டா அப்படிங்கற கேள்விக்கு இவ 'இல்லை'ன்னு போட்டிருக்காளே?" என்றாள்.



"இல்லைன்னா போட்டிருக்கா?" குலாம் ரசூல் அதீபாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் தன் சுடிதாரின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சின்னப் பொண்ணு மேடம். தெரியாம போட்டிருப்பா."

"சார், இங்க இருக்கற இடத்தைவிடக் கேக்கறவா ஜாஸ்தி. ராமநாதபுரம், தர்மபுரி, ஊட்டின்னு வெயிட்டிங்கில் நிக்கறா. சென்னையில் தங்கறதுக்குச் சொந்தக்காரா வீடு இருக்கறவாளுக்குக் கடைசியில்தான் இடம். அதுதான் ரூல். அவ இல்லைங்கறா, நீங்க தனி ரூமே இருக்குங்கறேள். நான் எதை எழுதறது?" குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "நாளைக்கு மத்தியானம் வரை இந்த ஃபைலை மூடாம வெக்கறேன். மாமாவும் மருமகளும் பேசிண்டு, ஒரே பதிலா வந்து சொல்லுங்கோ. இல்லேன்னா இந்தக் கட்டில் அடுத்த பொண்ணுக்குப் போயிடும்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். அடையாறு பாலம் தாண்டியதும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"என் வூட்டுல எடமில்லன்னா எழுதினே?"

"பரவாயில்ல மாமு," என்றாள் அதீபா. "நான் வீட்டுலேருந்தே போய்க்கறேன்."

கேட்டதற்கு இது பதில் இல்லை. ஆனால் அவர் கேட்க விரும்பிய பதில் இதுதான். பெண் வீட்டிலேயே இருக்கப் போகிறாள். ஊரில் யாரும் ஒன்றும் பேசப் போவதில்லை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்திருக்க வேண்டும். இல்லை. அவள் விண்ணப்பத்தில் போட்ட அந்த 'இல்லை' உறுத்திக்கொண்டே இருந்தது.

வீட்டில் பெரியவரின் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரைப் பார்க்க வந்திருந்தார்கள். அதீபா முகம் கழுவிவிட்டு நேரே டீ போடப் போனாள். குலாம் ரசூல் மொட்டை மாடிக்குப் போனார். அங்கே அஸ்மத்துன்னிசா வந்தவர்களின் துணியை எல்லாம் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னார். பாதி சொல்லும்போதே அவள் துணி எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

"வாயத் தொறந்துட்டீங்க."

"பொய்யா சொன்னேன்? நம்ம வூட்டுல எடமில்லையா? சொல்லு, இல்லையா? அந்தப் பொண்ணுக்கு நான் இன்னா கொற வச்சேன்? போன வருஷம் மூணு மாசம் இங்கதானே இருந்தா, கோச்சிங் போறேன்னு. ஒரு நாளு மொகம் சுளிச்சிருப்பேனா?"

அஸ்மத்துன்னிசா ஒரு ஈரத் துண்டை உதறி மறுபடி கொடியிலேயே போட்டாள். சொல்லாமல் வைத்திருந்தது அன்றைக்கு வாய்க்கு வந்துவிட்டது.

"அந்த மூணு மாசம் அவ எங்க படிச்சான்னு தெரியுமா உங்களுக்கு?"

"எங்க படிச்சா? ரூம்லதான்."

"ரூம்ல உங்க ஒண்ணு விட்ட அண்ணன் கால் கட்டோட படுத்திருந்தாரு. ஹால்ல கல்யாண ஜவுளி எடுக்க வந்தவங்க. அவ தெனம் சாயங்காலம் பைய எடுத்துக்கினு கெளம்புவாளே, ஞாபகம் கீதா? கொளத்தாண்ட பஸ் ஏறுவா. லேடீஸுக்கு டிக்கெட் இல்லாத பஸ். கடசி ஸ்டாப் வரைக்கும் போவா, அதே பஸ்ல திரும்பி வருவா. ஜன்னல் சீட் கெடச்சா ரெண்டு தடவ போவா. பஸ்லதான் படிச்சா உங்க தங்கச்சி பொண்ணு."

குலாம் ரசூல் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் தினமும் பையோடு கிளம்புவதைப் பார்த்து அவர் சிரித்திருக்கிறார். பொண்ணுக்கு மெட்ராஸ் சுத்திப் பாக்க ஆசை, சுத்தட்டும் என்று ஜஹீதாவிடம் போனில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ரிசல்ட் வந்து அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதபோது, அல்லா நாடியது அவ்வளவுதான் என்று தலையைத் தடவிக் கொடுத்து, எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக்கொண்டு வந்தார். அதைச் சாப்பிட்டவர்கள் எல்லாருமே விருந்தாளிகள். ஒரு வருஷம் போயிற்று அந்தப் பெண்ணுக்கு. அவள் திரும்பி வாணியம்பாடி போய், பழைய ஸ்கூல் லைப்ரரியில் உட்கார்ந்து படித்துத்தான் இந்த சீட்டு வாங்கினாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா உங்க மனசு ஒடஞ்சுடும்னு என் கையப் புடிச்சுக் கேட்டா. சத்தியம் வாங்கிக்கினா. உங்க மேல அவளுக்கு அவ்ளோ பாசம்." அஸ்மத்துன்னிசா துணிக் குவியலை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "நீங்க வர்றவங்களுக்கெல்லாம் எடம் குடுக்குறீங்க. அந்த எடம் யாருகிட்டேந்து வருதுன்னு பாத்தீங்களா?"

அவர் கீழே இறங்கி வந்தார். ரூம் வாசலில் நின்று தான் வாங்கிப் போட்ட மேஜையைப் பார்த்தார். வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்தில் இப்போது ஒரு கூடை சாத்துக்குடியும் சேர்ந்திருந்தது. மேஜைக்கு அடியில் யாரோ செருப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள். குலாம் ரசூலுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. விருந்தாளிகள் மேல் வரவில்லை. பாவம், அவர்கள் என்ன செய்வார்கள், கூப்பிட்டால் வருகிறார்கள்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் அதீபாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். "வேணாம் மாமு, நான்தான் வீட்டுலேருந்து போறேன்னு சொல்லிட்டேன்ல," என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். "நீ சும்மா வா," என்பதைத் தவிர அவர் வேறெதுவும் பேசவில்லை. வழி நெடுக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். எடமில்ல மேடம். என் வூட்டுல எடமில்ல. மனதுக்குள் சுலபமாகத்தான் இருந்தது.

வராந்தாவில் கால் வைத்ததும், "அஸ்ஸலாமு அலைக்கும் பாய்!" என்று ஒரு குரல்.

அப்துல் சமத். வாணியம்பாடியில் பள்ளிவாசல் தெருவில் மளிகைக் கடை. ஊரில் நடக்கிற ஒரு விஷயம் அவர் கடைக்கு வராமல் அடுத்த தெருவுக்குப் போனதில்லை. அவர் மகள் வஜீஹாவுக்கும் இங்கேதான் இடம் கிடைத்திருந்தது. அப்பாவும் மகளும் பையும் படுக்கையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"வேல முடிஞ்சதும் உங்க வூட்டுக்குத்தான் பாய் வரலாம்னு இருக்கேன். பொண்ண சேத்துட்டு, ஒரு ரெண்டு நாள் இருந்து பாத்துட்டுப் போலாம்னு," என்றார் சமத், வாயெல்லாம் பல்லாக.

குலாம் ரசூல் வாயைத் திறந்தார், மூடினார். அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். கதவு திறந்தே இருந்தது. சமத் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கும் ஹம்சாவின் மேஜைக்கும் நடுவே ஒரு தும்மல் போட்டால் நனைகிற தூரம்தான்.

"சொல்லுங்கோ சார்," என்றாள் ஹம்சா. "பேசிண்டேளா?"

"மேடம்," என்று ஆரம்பித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம், நேத்து நான் சொன்னது... தனி ரூமுன்னு சொன்னேன் பாருங்க. ரூம் கீது. ஆனா அதுல ஆளுங்க கீறாங்க."

"எத்தனை நாளைக்கு?"

"அவங்க போனா வேற ஆளுங்க வருவாங்க மேடம். நம்ம வூடு அப்டி. போன வருஷம் இந்தப் பொண்ணு பரீட்சைக்குப் படிக்க என் வூட்டுல மூணு மாசம் இருந்தா. படிக்கிறதுக்கு பஸ்ல ஏறிப் போயிருக்கா மேடம். கடசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு அதே பஸ்ல வருவாளாம். எனக்கு நேத்துதான் தெரியும்."

அதீபா சட்டென்று தலையைத் தூக்கினாள். "மாமு..." என்றாள்.

ஹம்சா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கொஞ்ச நேரம் எடுத்துத் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டபோது குரல் இறங்கியிருந்தது. "எனக்குப் புரியறது சார். ஆனா ஃபைலில் அதையெல்லாம் எழுத இடம் கிடையாது. உங்க வீட்டில் இவளுக்குத் தங்க இடம் உண்டா, இல்லையா? உண்டுன்னா உண்டு, இல்லைன்னா இல்லை. உங்க வாயால சொல்லணும்."

"படுக்க எடம் கீது மேடம், படிக்கத்தான்..."

"படுக்கறதா படிக்கறதான்னு ரூல் கேக்கலை சார்."

வெளியே பெஞ்சில் பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. சமத் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது குலாம் ரசூலுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. நாளை மறுநாள் இது பள்ளிவாசல் தெருவில் இருக்கும். பெருநாளுக்குள் ஆம்பூர் வரை போய்விடும். தங்கச்சி பெத்த பொண்ணுக்கு இடமில்லைன்னு சொன்ன மாமன். எத்தனை வருஷத்துப் பெயர்! எத்தனை பேருக்கு விரித்த பாய்! ஒரே வார்த்தையில் போகப் போகிறது. அதீபா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம் மாமு. வாங்க போலாம். சொல்லாதீங்க."

அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அவரால் முடிந்திருக்காது. இந்தப் பெண் மறுபடியும் பஸ்ஸில் ஏறத் தயாராக இருக்கிறாள், தனக்காக.

"இல்ல," என்றார்.

"சத்தமா சொல்லுங்கோ சார்."

"எடமில்ல மேடம்." இந்தத் தடவை வராந்தா முழுக்கக் கேட்டது. "என் வூட்டுல என் தங்கச்சி பொண்ணுக்கு எடமில்ல. நீங்கதான் குடுக்கணும்."

சொல்லி முடித்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் கைக்குட்டையைத் தேடினார். அது கிடைக்காமல் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஹம்சா கீபோர்டைத் தட்டத் தொடங்கினாள். ஆதார் அட்டையைச் சரிபார்த்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களைப் பென்சிலால் புள்ளி வைத்துக் காட்டினாள். அவர் போட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வந்தது.

அப்துல் சமத் தயங்கித் தயங்கிக் கதவோரம் வந்து நின்றார். முகத்தில் பல் ஒன்றையும் காணோம்.

"பாய், நான் ஏதோ தெரியாம சொல்லிட்டேன். நீங்க ஒண்ணும் நெனைக்காதீங்க. திருவல்லிக்கேணியில லாட்ஜ் இருக்குதாம், நான் அங்க பாத்துக்கறேன்."

குலாம் ரசூலுக்குக் கையெழுத்து பாதியில் நின்றது. பழக்க தோஷத்தில் நாக்கு முன்னால் வந்துவிட்டது. லாட்ஜா, நான் உசுரோட இருக்கும்போதா என்பது வரை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. எதிரே ஹம்சா இருக்கிறாள். ஃபைல் இன்னும் திறந்திருக்கிறது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஊர்க்காரன் ஒருவன் லாட்ஜுக்குப் போகிறேன் என்று சொல்ல, "சரி" என்று தலையை ஆட்டினார். தன் வாழ்நாளில் இப்படித் தலையை ஆட்டியது இதுதான் முதல் தடவை. கழுத்து வலித்தது.

ஹம்சா கடைசித் தாளில் முத்திரையைக் குத்தினாள். அதைக் கிழித்து அதீபாவின் கையில் கொடுத்தாள்.

"பழைய பிளாக், முதல் மாடி. ஜன்னலோர மேஜை முதலில் வரவாளுக்கு. சீக்கிரம் போ." அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "அலாட்மென்ட் ஆயாச்சு சார்," என்றாள். "இனிமே நீங்க யாரை வேணும்னாலும் வீட்டுக்குக் கூப்பிடலாம்."

குலாம் ரசூலுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நாற்காலி பின்னால் சாய எழுந்தார்.

"சமத் பாய்! லாட்ஜாவது ஒண்ணாவது! பொண்ண சேத்துட்டு நேரா வூட்டுக்கு வர்றீங்க. அஸ்மத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

சமத் முழித்தார். "இப்பதானே பாய் எடமில்லன்னீங்க?"

பதிலை அதீபா சொன்னாள். கையில் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"இருந்த ஒரு எடமும் என்கிட்ட இருந்துச்சு சாச்சா. இன்னிலேருந்து அது காலி. நீங்க தாராளமா படுத்துக்கோங்க."

சொல்லிவிட்டு, அத்தனை பேர் நடுவில், மாமனின் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குலாம் ரசூலால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. துணைக் காப்பாளர் அலுவலகத்தின் நடுவில் நின்றுகொண்டு அந்த மனிதர் ஓவென்று அழுதார். அடுத்து நின்றிருந்த தர்மபுரிக்காரர், இவர் மகளுக்கு இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவர் முதுகைத் தட்டிக் கொடுத்துத் தேற்றினார்.